வலிக்கும் கொழுப்புத் திசு நோய்களும் மனச்சோர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிப்பிடீமா (கை கால்களில் வலிக்கும் கொழுப்பு சேரும் நோய்), டெர்கம் நோய் (கொழுப்புக் கட்டிகளோ பரவலான கொழுப்போ வலிக்கும் நோய்), உடல்பருமன் ஆகிய மூன்றில் ஒன்றோ பலவோ உள்ளவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் எழுதப்பட்ட பக்கம் இது. எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எடை குறையட்டும், மனசைப் பிறகு பார்க்கலாம் என்று மனச்சோர்வுக்கான சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. வலி, தூக்கம், மனம் மூன்றையும் ஒரே நேரத்தில் கையில் எடுத்தால்தான் எதுவும் நகரும்.

வலிக்கும் கொழுப்பு என்பது என்ன? சாதாரண உடல்பருமனிலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது?

சாதாரணமாகக் கொழுப்பு வலிக்காது. பருமனானவருக்கு முழங்கால் வலிக்கும், முதுகு வலிக்கும். தொடைச் சதையை விரலால் மெல்லக் கிள்ளினால் வலிக்காது. லிப்பிடீமாவில் அந்தக் கிள்ளலே வலிக்கும். குழந்தை மடியில் ஏறி உட்கார்ந்தால் வலிக்கும். மேசை முனையில் லேசாக இடித்ததுகூட நினைவிருக்காது, மறுநாள் தொடையில் நீலமாகக் கன்றியிருக்கும்.

லிப்பிடீமா பெரும்பாலும் பெண்களுக்கே வருகிறது. பருவமடைதல், கர்ப்பம், மாதவிடாய் நிற்கும் காலம் என ஹார்மோன்கள் மாறும்போது தொடங்கும் அல்லது அதிகமாகும். இரண்டு கால்களும் ஒரே அளவாகப் பருக்கும். சிலருக்குக் கைகளும் பருக்கும். பாதம் மட்டும் தப்பிவிடும். கணுக்காலுக்குச் சற்று மேலே கொழுப்பு வளையம் போட்டதுபோல் நின்று, அதற்குக் கீழே பாதம் ஒல்லியாகவே இருக்கும். காலின் இரண்டாம் விரல் அடியில் உள்ள தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்ப்பார்கள். இதற்கு ஸ்டெம்மர் பரிசோதனை என்று பெயர். தோல் மடிப்பாக மேலே வந்தால் லிப்பிடீமா பக்கம் சாயலாம். தடித்துப்போய்த் தூக்கவே முடியாவிட்டால் நிணநீர் வீக்கம் இருக்கிறது என்று பொருள். 1940-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் இருவரும் இந்த நோயை விவரித்தார்கள். இத்தனை ஆண்டுகள் கழித்தும் பல மருத்துவர்களுக்கு இது பழகாத பெயராகவே இருக்கிறது.

டெர்கம் நோய் வேறு. பிலடெல்பியாவில் இருந்த நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ் சேவியர் டெர்கம் 1888-இல் இதை முதலில் எழுதினார். இதில் கொழுப்புக் கட்டிகளோ பரவலான கொழுப்போ மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து வலிக்கும். பெரும்பாலும் 35 முதல் 50 வயதுக்குள் தொடங்கும். இந்த நோயைப் பற்றிய பழைய மருத்துவ விவரிப்புகளிலேயே உடல் சோர்வும் மனக் குலைவும் சேர்த்துத்தான் குறிக்கப்பட்டன.

மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருக்கலாம். ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகிவிடாது.

இந்த நோய்களோடு மனச்சோர்வு ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது?

உடல்பருமனைப் பொறுத்தவரை இது இருவழிப் பாதை என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, பருமனாக இருப்பவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 விழுக்காடு கூடுதல் என்றும், மனச்சோர்வு உள்ளவர்கள் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு 58 விழுக்காடு கூடுதல் என்றும் காட்டியது. இரண்டு எண்களும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். எது முதலில் வந்தது என்று தேடுவதில் பயன் குறைவு.

உடலுக்குள் நடப்பது இது. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகக் கீழே இறங்கும் நரம்புப் பாதைகள் வலியின் சத்தத்தைக் குறைத்து வைக்கின்றன. அவை செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகிய இரண்டு வேதிப்பொருள்களை நம்பியே இயங்குகின்றன. மனநிலையும் இதே இரண்டோடு தொடர்புடையது. அதனால் மனம் தளர்ந்தால் வலி கூடுகிறது. வலி நீடித்தால் மனம் தளர்கிறது. இரவில் புரண்டு படுக்கும்போது வலி எழுப்பிவிடும். தூக்கம் கெட்ட மறுநாள் அதே தொடுதல் முந்தைய நாளைவிட அதிகமாக வலிக்கும். இதோடு, கூடுதல் கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரப்பதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

உடலுக்கு வெளியே நடப்பதும் உண்டு. லிப்பிடீமா உள்ளவர் பட்டினி கிடந்து பத்து கிலோ குறைத்தால் முகம் வற்றும், இடுப்பு சுருங்கும், கால் ஏறத்தாழ அப்படியே இருக்கும். "ஒழுங்கா டயட் இருந்தா குறையாம எப்படிப் போகும்?" என்று மருத்துவமனையிலும் வீட்டிலும் கேட்பார்கள். செய்யாத குற்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருப்பவரின் மனம் தளராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இது வெறும் வருத்தமா, மனச்சோர்வு நோயா?

வலி கூடிய நாளில் அழுகை வருவது நோய் இல்லை. வலி தணிந்த நாளிலும் மனம் எழவில்லை என்றால் யோசிக்க வேண்டும். மருத்துவக் கணக்கு இது: ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, ஏறத்தாழ தினமும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் இருந்து, அன்றாட வாழ்க்கையையும் பாதிக்க வேண்டும். அந்த ஐந்தில், மனம் தாழ்ந்திருப்பது அல்லது எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவது, இந்த இரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும். மற்றவை தூக்க மாற்றம், பசி அல்லது எடை மாற்றம், களைப்பு, உடலும் பேச்சும் மந்தமாதல் அல்லது அமைதியின்மை, தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளுதல், கவனம் சிதறுதல், சாவைப் பற்றிய எண்ணம்.

களைப்பும் தூக்கமின்மையும் என் வலியாலேயே வருமே. பிறகு கேள்வித்தாளில் வரும் மதிப்பெண்ணை எப்படி நம்புவது?

நியாயமான கேள்வி. மனச்சோர்வை அளக்கப் பெரும்பாலான இடங்களில் தருவது பிஹெச்கியூ-9 என்ற தாள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 5 முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் சற்றுக் கடுமையானது, 20 முதல் கடுமையானது என்று பிரிப்பார்கள்.

இருவர் தலா 12 எடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். முதலாமவர் தூக்கம், களைப்பு, பசி மூன்றுக்கும் மும்மூன்று போட்டிருக்கிறார். கவனத்துக்கு இரண்டு, மனம் தாழ்வதற்கு ஒன்று. இரண்டாமவர் ஈடுபாடின்மைக்கு மூன்று, மனம் தாழ்வதற்கு மூன்று, தன்னைத் தானே வெறுப்பதற்கு மூன்று, களைப்புக்கு இரண்டு, கடைசிக் கேள்விக்கு ஒன்று. எண் ஒன்றுதான். முதலாமவருக்கு வலியையும் தூக்கத்தையும் முதலில் துருவிப் பார்க்க வேண்டும். இரண்டாமவருக்கு மனச்சோர்வு சிகிச்சை இன்றே தொடங்க வேண்டும். கடைசிக் கேள்வி சாவைப் பற்றியும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியும் கேட்கிறது. அதற்குப் பூஜ்யத்தைத் தவிர எந்த எண் போட்டாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே பேசியாக வேண்டும்.

ஆகவே மொத்த எண்ணை மட்டும் பார்க்கவிடாதீர்கள். தாளைக் கையில் கொடுத்து, "இந்த மூன்றும் வலியால் வருகிறது, இந்த இரண்டும் வலி இல்லாத நாளிலும் இருக்கிறது" என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

மனச்சோர்வு போலவே தோன்றும் வேறு உடல் கோளாறுகள் உண்டா?

உண்டு. இவற்றைப் பார்க்காமல் மாத்திரை எழுதினால் பல மாதம் வீணாகும்.

பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகள் இவை: தைராய்டு குறைவுக்கு டிஎஸ்ஹெச், ரத்தசோகைக்கு ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும், சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி, இவற்றோடு பி12, வைட்டமின் டி. சர்க்கரைக்கோ சினைப்பை நீர்க்கட்டிக்கோ நெடுநாளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குப் பி12 குறையக்கூடும். கால் மரத்துப்போவது, மறதி, மனத்தளர்ச்சி எல்லாம் அதிலிருந்தே வரலாம்.

அடிக்கடி தவறவிடப்படுவது உறக்க மூச்சுத்தடை. குறட்டை, இரவில் மூச்சு நின்று திணறி விழிப்பது, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவது ஆகியவை அடையாளங்கள். பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். தூக்கப் பரிசோதனையில் உறுதியானால், தூங்கும்போது காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி தருவார்கள். இதைச் சரிசெய்யாமல் தூக்க மாத்திரை கொடுத்தால் மூச்சுத்தடை மோசமாகலாம்.

எடை குறைந்தால் மனச்சோர்வு தானாகச் சரியாகிவிடாதா?

சிலருக்கு எடை குறையும்போது மனம் தெளிகிறது. ஆனால் அதை நிபந்தனையாக வைப்பது தவறு. மனச்சோர்வில் இருப்பவரால் உணவைத் திட்டமிடவோ நடக்கவோ மருத்துவரைத் தொடர்ந்து பார்க்கவோ முடிவதில்லை. எடை குறைய வேண்டுமானால்கூட மனம் முதலில் கொஞ்சம் நிமிர வேண்டும். லிப்பிடீமாவிலோ கொழுப்பு உணவுக் கட்டுப்பாட்டுக்கு அவ்வளவாக அசைவதில்லை. எடை இயந்திரத்தின் முள்ளை நம்பி மனதை நிறுத்திவைத்தால் முள் அசையாத ஒவ்வொரு வாரமும் ஒரு தோல்வியாகவே பதியும். அளக்க வேறு பொருள் தேடுங்கள்: நடந்த நிமிடங்கள், விழிக்காமல் தூங்கிய மணிநேரம், பத்துக்கு எத்தனை வலி என்பது.

எந்த மனச்சோர்வு மருந்து எடையைக் கூட்டும்? எது கூட்டாது?

மருந்தை முடிவு செய்வது மருத்துவர்தான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் மாத்திரைச் சீட்டை வாங்காதீர்கள். ஏனென்றால் மூன்று மாதத்தில் ஆறு கிலோ ஏறினால் பலர் சொல்லாமலே மாத்திரையை விட்டுவிடுகிறார்கள்.

மிர்டாசபின் பசியைத் தூண்டி எடையைக் கூட்டும். அமிட்ரிப்டிலினும் பராக்செட்டினும் கூட்டக்கூடியவை. ஓலன்சபின், குவெட்டியாபின் போன்றவற்றைத் துணை மருந்தாகச் சேர்த்தால் எடை வேகமாக ஏறலாம். செர்ட்ராலின், ஃபுளுவாக்செட்டின் தொடக்கத்தில் பெரிதாக மாற்றுவதில்லை. புப்ரோப்பியான் எடையைக் கூட்டுவதில்லை, சிலருக்குக் குறைக்கும். ஆனால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், பட்டினி கிடக்கும் அல்லது உண்டு வாந்தியெடுக்கும் உணவுக் கோளாறு இருந்தவர்களுக்கும் அதைத் தரக் கூடாது.

வலியும் மனச்சோர்வும் ஒன்றாக இருக்கும்போது டுலாக்செட்டின் நல்ல முதல் தேர்வு என்பது எங்கள் கருத்து. அது செரட்டோனின், நார்அட்ரினலின் இரண்டையும் உயர்த்துகிறது. எடையை அதிகம் மாற்றுவதில்லை. பொதுவாக 30 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரம் கழித்து 60-க்கு ஏற்றுவார்கள். முதல் வாரம் குமட்டும். சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் குறையும். நான்கைந்து நாள் குமட்டலைக் கண்டு நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம், அதற்குள் மருந்து வேலையையே தொடங்கியிருக்காது. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதிகம் குடிப்பவர்களுக்கும் இது ஆகாது. ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

எந்த மருந்தானாலும் மனம் தெளிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். தூக்கமும் பசியும் முதலில் சரியாகும், உற்சாகம் கடைசியில்தான் வரும். இளவயதினருக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால் அப்போது அருகிலிருந்து கவனிக்க வேண்டும். இடையில் எப்போதாவது பல நாள் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு பேசி, பணத்தை வாரி இறைத்த காலம் உங்களுக்கு இருந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அதற்கு வெறும் மனச்சோர்வு மாத்திரை தந்தால் நிலைமை தலைகீழாகும்.

வலிக்கு எடுக்கும் மருந்துகள் மனதையும் வீக்கத்தையும் பாதிக்குமா?

பாதிக்கும். பிரிகாபலின், காபாபென்டின் இரண்டும் நரம்பு வலிக்கு உதவும். ஆனால் இரண்டுமே எடையைக் கூட்டலாம், கால்களை வீங்கவைக்கலாம். லிப்பிடீமா உள்ளவருக்குக் கால் பருத்தால் "நோய் முற்றிவிட்டது" என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுவார்கள். புதிதாக ஏற்றிய மாத்திரை யாருக்கும் நினைவு வராது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபினும் கணுக்காலை வீங்கவைக்கும். புது மருந்து தொடங்கும் நாளன்று கணுக்கால், கெண்டைக்கால், தொடை மூன்றையும் அளவு நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். கணுக்கால் எலும்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் மேலே அளந்தீர்கள் என்பதையும் சேர்த்துக் குறித்தால்தான் அடுத்த முறை அதே இடத்தில் அளக்க முடியும்.

டிரமடாலை செர்ட்ராலின், டுலாக்செட்டின் போன்றவற்றோடு சேர்த்தால் செரட்டோனின் மிகையாகி நடுக்கம், வியர்வை, குழப்பம், காய்ச்சல் வரலாம், வலிப்பும் வரலாம். ஐபுபுரூஃபன் வகை வலிநிவாரணிகளை இதே மனச்சோர்வு மருந்துகளோடு நெடுநாள் எடுத்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். சும்மாவே தோல் கன்றுகிறவர்களுக்கு இன்னும் எளிதாகக் கன்றும். வலிக்கு ஒரு மருத்துவர், மனதுக்கு ஒரு மருத்துவர், சர்க்கரைக்கு ஒருவர் என்று போகிறவர்கள் எல்லா மாத்திரைகளையும் ஒரே தாளில் எழுதி மூவரிடமும் காட்ட வேண்டும்.

பேச்சு சிகிச்சையில் என்னதான் செய்வார்கள்? பேசினால் கொழுப்பு வலிப்பது நின்றுவிடுமா?

கொழுப்பு வலிப்பது நிற்காது. வலி உங்கள் நாளைத் தின்னும் அளவு குறையும். பொதுவாக வாரம் ஒருமுறை, எட்டு முதல் பதினாறு அமர்வுகள். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றுவது), ஏற்பு சிகிச்சை (வலியோடு போராடாமல் முக்கியமானதைச் செய்யப் பழகுவது) இரண்டும் நீண்டகால வலிக்கும் மனச்சோர்வுக்கும் பயன்படுகின்றன.

இதில் நடைமுறையில் அதிகம் உதவுவது செயல்களை அளந்து செய்யும் பழக்கம். வலிநோயாளிகளின் நாள்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் ஓடும். நல்ல நாளில் தேங்கிய வேலை எல்லாம் ஒரே மூச்சில் முடிப்பார்கள். அடுத்த இரண்டு நாள் படுக்கை. படுத்த நாள்களில் "நான் எதற்கும் உதவாதவள்" என்ற எண்ணம் முளைக்கும். மூன்றாம் நாள் அந்தக் குற்றவுணர்விலேயே மறுபடி அளவுக்கு மீறி உழைப்பார்கள்.

இதை உடைக்கும் முறை: மூன்று நாள், வலி கூடத் தொடங்கும் வரை எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது என்று குறியுங்கள். 25, 15, 20 என்று வந்தால் சராசரி 20. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், 16 வரும். 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இனி கடிகாரத்தில் அலாரம் வைத்து 15 நிமிடம் நில்லுங்கள். பிறகு காலை உயர்த்தி 10 நிமிடம் உட்காருங்கள். நல்ல நாளிலும் 15 தான், கெட்ட நாளிலும் முடிந்தவரை 15 தான். ஒரு வாரம் தாக்குப்பிடித்தால் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். இது தோற்பது எப்போதும் நல்ல நாளில்தான். உடம்பு லேசாக இருக்கும்போது அலாரம் அடித்தால் அணைத்துவிட்டு வேலையைத் தொடர்வோம். அன்று நிறுத்துவதுதான் பயிற்சியின் கடினமான பாதி.

இன்னொன்று, விட்டுப்போன விஷயங்களில் மிகச் சிறியதைத் திரும்பத் தொடங்குவது. பழைய தோழியின் வீட்டுக்குப் போக முடியாது என்றால், அவளுடன் ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசுவது. மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் மனம் வராது. செய்யத் தொடங்கிய பிறகே அது பின்னால் வரும்.

நடந்தாலே வலிக்கிறது. எந்த உடற்பயிற்சி செய்வது?

தண்ணீர். மார்பளவு நீரில் நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கால்களில் இறங்கும். நீரின் அழுத்தமும் கால்களைச் சுற்றி இதமாகப் பிடித்துக்கொள்ளும். நீந்தத் தெரிய வேண்டியதில்லை, நடந்தால் போதும். குளத்துக்குப் போகத் தடையாக நிற்பது பெரும்பாலும் வலியைவிட நீச்சல் உடையில் பிறர் பார்ப்பார்கள் என்ற கூச்சம். முழுக்கால் நீச்சல் உடை, கூட்டம் குறைந்த நேரம், கூட ஒருவர் என்று ஏற்பாடு செய்தால் முதல் நாளைக் கடந்துவிடலாம்.

அழுத்தக் காலுறை வலியைக் குறைக்கும். மனம் சோர்ந்த நாளில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான், ஏனென்றால் போடுவதே ஒரு வேலை. எழுந்ததும், கால் கனக்கும் முன், உட்கார்ந்தபடி, ரப்பர் கையுறை அணிந்து உள்ளங்கையால் மேலே தடவி ஏற்றுங்கள். தோல் மடிப்புகள் உள்ள காலுக்குத் தட்டைப் பின்னல் காலுறை (தட்டையாகப் பின்னித் தையல் போட்டுச் சேர்த்தது) பொருந்தும். வட்டப் பின்னல் (தையலின்றிக் குழாய்போல் பின்னியது) மடிப்புக்குள் சுருண்டு கயிறுபோல் அறுக்கும். தொடக்கத்தில் இரண்டு மணி நேரம் போதும். விரல் நீலமானாலோ மரத்துப்போனாலோ உடனே கழற்றுங்கள். கால் தமனிகளில் அடைப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாது.

மனம் சரியில்லாதபோது கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டுவிடுகிறேன். இது மனவலிமைக் குறைவா?

குறுகிய நேரத்தில் மிக அதிகமாக, நிறுத்த முடியாமல், பசியில்லாமலும், பெரும்பாலும் தனியாகவும் சாப்பிட்டு, பிறகு வெட்கப்படுவது வாரம் ஒருமுறையாவது மூன்று மாதம் நடந்தால் அது மிகையுண்ணல் கோளாறு என்ற நோய். அதற்கெனச் சிகிச்சை உண்டு. காலை, மதியம் இரண்டையும் தவிர்த்துவிட்டு இரவில் அணை உடைவதுதான் வழக்கமான வடிவம். ஆகவே முதல் மருந்து வேளை தவறாமல் சாப்பிடுவது. மூன்று வேளையும், இடையில் சிற்றுணவும், நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். எடை கூடிவிடும் என்று பயமாக இருக்கும். பட்டினியால்தான் இரவு உண்ணல் தூண்டப்படுகிறது என்பதை இரண்டு வாரக் குறிப்பேடு உங்களுக்கே காட்டிவிடும்.

எடை குறைக்கும் ஊசியும் அறுவை சிகிச்சையும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆகுமா?

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ரிமோனபான்ட் என்ற எடை மருந்து ஐரோப்பாவில் 2006-இல் வந்து, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தூண்டுவதால் 2008 அக்டோபரில் நிறுத்திவைக்கப்பட்டது. அதனால்தான் செமாக்ளூடைடு போன்ற ஊசிகளையும் இப்படியே சோதித்தார்கள். ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு 2024 ஏப்ரலில், இவற்றுக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் காரணத் தொடர்பு இருப்பதற்கான சான்று இல்லை என்று முடிவுசெய்தது. எனினும் டோஸ் ஏற்றும் மாதங்களில் மனநிலையைக் குறித்துக்கொண்டே வருவது நல்லது. டோபிரமேட் சேர்ந்த எடை மாத்திரைகளில் கூடுதல் கவனம் வேண்டும், அது மனத்தளர்ச்சியை உண்டாக்கக்கூடியது.

இரைப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் பலருக்கு மனச்சோர்வு குறைகிறது. ஆனால் தற்கொலை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், மதுப் பழக்கம் மூன்றும் பிற்காலத்தில் கூடுவதைக் காணலாம். குடலைத் திருப்பிவிடும் அறுவையில் மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். நன்றாக இருந்தவருக்கு மனச்சோர்வு திரும்பும். அறுவைக்கு முன்பே மனநல மருத்துவரிடம் மாத்திரையின் வடிவத்தை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். லிப்பிடீமாவும் இருந்தால், அறுவைக்குப் பின்னும் கால் வலி நீடிக்கலாம் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

லிப்பிடீமாவுக்குக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தால்?

லிப்பிடீமா அறிந்த கைகளில் லைப்போசக்‌ஷன் வலியைக் குறைத்து நடமாட்டத்தை மேம்படுத்துகிறது. பெரும்பாலும் பல முறை செய்ய வேண்டும். பிறகும் காலுறை தேவைப்படலாம். கடுமையான மனச்சோர்வின் நடுவே இந்த முடிவை எடுக்க வேண்டாம். முதலில் மனதைத் தேற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு, அறுவைக்குப் பின் வீக்கமும் கன்றலும் உள்ள வாரங்களைத் தாங்கும் தெம்பு இருக்கும்.

மருத்துவர் எதைச் சொன்னாலும் "எடையைக் குறைங்க" என்கிறார். என்ன செய்வது?

பத்து நிமிடச் சந்திப்பில் எல்லாவற்றையும் சொல்ல முயன்றால் எடை மட்டும்தான் கண்ணில் படும். ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: வலி எங்கே, எப்போது தொடங்கியது, பத்துக்கு எத்தனை, தூக்கம் எத்தனை மணி, வலியால் நிறுத்திய மூன்று வேலைகள், பிஹெச்கியூ-9 எண், எடுக்கும் மருந்துகள். உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக, "டாக்டர், இன்னைக்கு நான் எடைக்காக வரல. ரெண்டு மாசமா மனசு சரியில்ல, அதுக்காக வந்தேன்" என்று சொல்லுங்கள். முதல் வாக்கியமே சந்திப்பின் திசையைத் தீர்மானிக்கிறது. அப்படியும் பேச்சு எடைக்கே திரும்பினால், "இதே வலியும் மனச்சோர்வும் ஒல்லியா இருக்கிறவங்களுக்கு வந்தா என்ன சிகிச்சை கொடுப்பீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். லிப்பிடீமாவுக்கு உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் தனிக் குறியீடு உண்டு: இஎஃப்02.2. அதைத் தாளின் மேலே எழுதி வையுங்கள்.

செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. யாரிடம் சொல்வது?

இன்றே, ஒருவரிடம், வாய்விட்டுச் சொல்லுங்கள். "வலி தாங்கல, செத்துடலாம்னு தோணுது" என்ற இதே சொற்கள் போதும். எப்படிச் செய்வது என்று யோசித்துவிட்டிருந்தாலோ, தேவையானதைச் சேர்த்து வைத்திருந்தாலோ, அது அவசர நிலை. தனியாக இருக்காதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே போங்கள், அல்லது உங்கள் நாட்டின் அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு எண்ணையோ அழையுங்கள். அந்த எண்களை நல்ல நாளிலேயே கைபேசியில் பதிந்து வைப்பது நல்லது. மோசமான இரவில் தேடும் தெம்பு இருக்காது.

இந்த நோயாளிகளின் வீட்டில் மாத்திரைகள் நிறைய இருக்கும் என்பது ஒரு தனி ஆபத்து. அமிட்ரிப்டிலின் அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். எண்ணம் வந்து போகும் காலத்தில் ஒரு வாரத்துக்கான மாத்திரையை மட்டும் வாங்கி, மீதியை வீட்டில் வேறொருவர் பொறுப்பில் வையுங்கள். உடனிருப்பவர்கள் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பாரம் இறங்கும்.

வீட்டில் இருப்பவர்கள் எப்படிப் பேச வேண்டும்?

"சும்மா படுத்தே கிடந்தா எப்படிக் குறையும்?", "எல்லாம் மனசுலதான் இருக்கு" என்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். "இன்னைக்கு வலி பத்துக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். எட்டு என்றால் எந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம் என்று கேளுங்கள். எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். தன்னால் முடிந்த 15 நிமிடத்தையும் பறித்தால் மனம் இன்னும் சுருங்கும். கட்டிப்பிடிக்கும் முன் எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். வலிக்குப் பயந்து தொடுதலே நின்றுபோன வீடுகளில் தம்பதியர் இருவருமே தனிமையில் வாடுகிறார்கள். வலிக்காத இடமாகத் தோளோ முதுகோ இருக்கும், அதைக் கேட்டறிந்தாலே போதும்.

மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

மனம் நன்றாகத் தெளிந்த பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் அதே டோஸில் தொடர வேண்டும். முன்பே ஒன்றிரண்டு முறை மனச்சோர்வு வந்தவர்களுக்கு இன்னும் நீளும். நிறுத்தும்போது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்க வேண்டும். டுலாக்செட்டினைச் சட்டென விட்டால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு வரும். அதை நோய் திரும்பியதாக எண்ணிவிடக் கூடாது. விட்ட சில நாள்களுக்குள் வந்து, ஒரு டோஸ் எடுத்ததும் மறைந்தால் அது மருந்து விட்டதன் விளைவு. வாரங்கள் கழித்து மெல்ல மெல்ல வந்தால் மனச்சோர்வாக இருக்கலாம்.

நிறுத்துவதற்கு வலி கூடிய காலத்தையோ, அறுவை சிகிச்சை நெருங்கும் மாதத்தையோ, புதிதாக உணவுத் திட்டம் தொடங்கும் மாதத்தையோ தேர்ந்தெடுக்காதீர்கள். டுலாக்செட்டின் வலிக்கும் சேர்த்து வேலை செய்துகொண்டிருந்திருக்கும். மனம் நன்றாக இருக்கிறதே என்று விட்டு, மூன்றாம் வாரம் கால் வலி பழைய எட்டுக்குத் திரும்பினால், அந்த மாத்திரையை வலிக்காகவே தொடர்வது முழுக்க நியாயமான முடிவு.